ஆங்கிலப் பக்கம் முழுக்க ஸாப்ஃபினோ வேண்டுமாம் – என்ன சொல்வது?

மைக்கூடு (கோவை):
வணக்கம். கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்புதான் என் தொழில். இப்போது வந்திருக்கும் வாடிக்கையாளர் மணப்பெண்ணின் அண்ணன், பெங்களூரில் ஐடி வேலை. அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கம் மொத்தமும் ஸாப்ஃபினோ என்ற கையெழுத்து பாணி எழுத்துருவில்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மணமக்கள் பெயர், மண்டப முகவரி, முகூர்த்த நேரம், கீழே சுற்றமும் நட்பும் வரை எல்லாமே. அதிலும் இரு வீட்டுப் பெற்றோர் பெயர்களும் முழுக்க கேப்பிடல் எழுத்தில்.

அடித்துப் பார்த்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் போய் இடிக்கிறது. சில எழுத்துகளின் உச்சி டெக்ஸ்ட் பாக்ஸ் விளிம்பில் வெட்டுப்படுகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. அவருடைய மேக்கில் மணமகன் பெயர் அடித்தால் அழகாகக் கோத்துக்கொண்டு வருகிறது. அதே பெயர் என் பழைய கோரல்டிரா மென்பொருளில் தனித்தனி எழுத்தாக நிற்கிறது. ஐவரி போர்டு, மெரூன் பின்னணி, தங்க பாயில் (பளபளக்கும் மெல்லிய தகடு) அச்சு. அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

பொரிகடலை (சென்னை):
அழகுநிலையம், ஸ்பா, பொட்டிக், கேக் கடை எல்லாத்துக்கும் பத்து வருஷமா இதே ஃபான்ட். நீங்களும் ஒண்ணு சேத்துக்கோங்க :) நான் லோகோ பண்றவன். வாடிக்கையாளர் "எலகன்ட்டா வேணும்"னு வாயைத் திறந்ததுமே ஸாப்ஃபினோ வராம பாத்துக்குறதுதான் என் முதல் வேலை. எழுத்தைவிட அலங்காரம் ஜாஸ்தி. படிக்கவும் முடியாது.

கூர்முனை (புதுச்சேரி):
பொரிகடலை, அலுத்துப்போனது உங்களுக்கு. எழுத்துரு என்ன பாவம் செய்தது? கடைக்காரர்கள் அதை டைப் அடித்த அடியே அப்படியே விட்டுவிடுகிறார்கள், குறை அங்கேதான் இருக்கிறது. மைக்கூடு, கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். உங்கள் வாடிக்கையாளரிடம் பேச உதவும்.

ஸாப்ஃபினோவை வரைந்த ஹெர்மன் ஸாப்ஃப் 1918-ல் நியூரம்பர்கில் பிறந்தவர். எலக்ட்ரிகல் இன்ஜினியர் ஆக ஆசைப்பட்டார். அப்பா தொழிற்சங்கக்காரர் என்பதால் நாஜி ஆட்சியில் அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஓர் அச்சகத்தில் ரீடச்சிங் (படங்களைத் திருத்தும் வேலை) கற்கச் சேர்ந்தார். 1935-ல் எழுத்துக்கலைஞர் ருடால்ஃப் கோக் நினைவாக நடந்த கண்காட்சியைப் பார்த்த பிறகு, கோக், எட்வர்ட் ஜான்ஸ்டன் இருவரின் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக்கலை பழகினார். குருகுலம் எதுவும் கிடையாது. போர்க்காலத்தில் ராணுவத்தின் வரைபடப் பிரிவில் போட்டார்கள், பிரான்சின் போர்தோவில் இருந்தார். பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்து எழுதுகிற கை அவருக்கு. அங்கே 1944-ல் அவருடைய குறிப்பேட்டில் எழுதிய ஒரு பக்கம்தான் ஸாப்ஃபினோவின் வேர்.

போர் முடிந்ததும் 1947-லிருந்து ஃபிராங்ஃபர்ட்டில் ஸ்டெம்பெல் என்ற எழுத்து வார்ப்பகத்தில் வேலை. அந்தக் கையெழுத்தை ஈய எழுத்தாக வார்த்துவிட வேண்டும் என்று அப்போதே ஆசை. ஆனால் ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் நிற்பது. சாய்ந்த எழுத்தின் வால் கட்டையைத் தாண்டி நீண்டால் அந்த நுனிக்கு அடியில் தாங்க எதுவும் இல்லை, அழுத்தினால் ஒடியும். இதற்காகவே பிரெஞ்சு எழுத்து வார்ப்பாளர் ஃபிர்மேன் திதோ பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டையையே சாய்வாக வார்த்தார். அப்படியும் நீளமான வீச்சுகளுக்கு இடம் கிடையாது. ஸாப்ஃப் செய்த விர்ச்சுவோசா ஐம்பதுகளில் வெளிவந்தது. நல்ல எழுத்துதான், ஆனால் குறிப்பேட்டில் ஓடிய கை அதில் பாதிகூட இல்லை. உலோகம் விடவில்லை. 1944-ல் எழுதியது 1998-ல்தான் லைனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் வழியாக எழுத்துருவாக வெளியே வந்தது.

நடுவில் ஒரு சினிமாத் திருப்பமும் உண்டு. எண்பதுகளில் ஸ்டான்ஃபர்டில் கணினி அறிஞர் டொனால்ட் கனூத்தோடு சேர்ந்து கணித எழுத்துக்காக ஆய்லர் என்ற எழுத்துருவை ஸாப்ஃப் செய்தார். அந்த வேலையில் இருந்த மாணவர் டேவிட் சீகல். தொண்ணூறுகளில் அவர் ஸாப்ஃபுக்குக் கடிதம் எழுதினார். ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து, கணினியே மாற்றி மாற்றிப் போடுகிற ஒரு கையெழுத்து எழுத்துரு செய்யலாம் என்பது அவர் யோசனை. வேலை முடியும் தறுவாயில் இன்னொரு கடிதம்: காதலி பிரிந்துபோய்விட்டாள், எதிலும் மனம் ஒட்டவில்லை. சீகல் விலகி, பிறகு இணைய வடிவமைப்பில் பெரிய பெயர் எடுத்தார். ஸாப்ஃப் அந்த வரைவுகளைத் தூக்கிக்கொண்டு லைனோடைப்பின் கதவைத் தட்டினார்.

மைக்கூடு:
சுவையான கதை. ஆனால் இதை அந்த அண்ணனிடம் சொன்னால் "பார்த்தீங்களா, எவ்வளவு உயர்ந்த ஃபான்ட், முழுக்க அதையே போடுங்க" என்பார்!

கூர்முனை:
அதற்குத்தான் வருகிறேன் :) அது ஒரு மனிதரின் கை. ஒரு பத்தி முழுக்க அதே வேகத்தில் எந்தக் கையும் வீசி எழுதாது. கையால் எழுதுகிறவர் தலைப்பில் ஒரு எழுத்தை நீட்டுவார், அடுத்த வரியை அடக்கி வாசிப்பார். எங்கே நீட்டுவது என்று அவர் முடிவு எடுக்கிறார். 1998-ல் வந்த தொகுப்பு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாலு எழுத்து வரிசைகளாக வந்ததே அந்த முடிவை உங்கள் கையில் கொடுப்பதற்கு. கூட்டெழுத்துகளும் மலர், வளைவு அலங்காரங்களும் தனி. ஒரே எழுத்து ஒரு வரிசையில் அடக்கமாக இருக்கும், இன்னொன்றில் வாலை வீசும். ஆகவே இது அடித்துவிட்டுப் போகிற எழுத்துரு இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். முகவரிக்கும் முகூர்த்த நேரத்துக்கும் அப்படி யார் பொறுக்குவது?

நம் பெயர்களிலேயே சோதித்துப் பாருங்கள். கலையரசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'ஏ' ஐந்து தடவை வரும். மற்ற ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் ஐந்தும் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்கும், அது கையெழுத்து இல்லை என்று கண் உடனே பிடித்துவிடும். இங்கே கடைசி 'ஏ'-யையும் 'என்'-ஐயும் மாற்று வடிவத்துக்கு மாற்றினாலே பெயர் மூச்சு விடும்.

நிரல்நெசவு (கோலாலம்பூர்):
மேக்கில் கோத்து வருவதும் கோரலில் வராததும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துருக்கள்தான் என் வேலை, அதனால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்துருக் கோப்புக்குள் வடிவங்கள் மட்டும் இல்லை, விதிகளும் உண்டு: இந்த எழுத்துக்குப் பின் இது வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அந்த மூன்றாவது வடிவத்தைப் போடு என்கிற மாதிரி. க என்ற குறியீட்டுக்குப் பின் உகரக் குறி வந்தால் 'கு' என்ற ஒற்றை வடிவம் திரையில் வருவதும் இதே மாற்றீட்டு விதியால்தான். தமிழுக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் வாசிக்கவே முடியாது. ஆங்கிலத்துக்கு இது ஆடம்பரம். ஸாப்ஃபினோ அந்த ஆடம்பரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது. மேக்கில் அந்த எழுத்துருவின் பெயரையே ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், கடைசி எழுத்து விழுந்ததும் ஏழு எழுத்தும் ஒரே சித்திரமாக மாறும்.

இந்த விதிகளை எழுத இரண்டு முறைகள் இருக்கின்றன. ஆப்பிளின் சொந்த முறை ஒன்று. மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து கொண்டுவந்த ஓப்பன்டைப் இன்னொன்று. மேக்கோடு வருகிற ஸாப்ஃபினோ ஆப்பிள் முறையை நம்பி இருப்பது. அதை ஆப்பிளின் சொந்தச் செயலிகள் நன்றாகப் புரிந்துகொள்ளும். மற்ற பல வடிவமைப்பு மென்பொருள்கள் அந்த விதிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. லைனோடைப் 2003-ல் வெளியிட்ட ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ரா ஓப்பன்டைப்பில் எழுதப்பட்டது. எழுத்துரு வடிவமைப்பாளர் அகிரா கோபயாஷியோடு சேர்ந்து ஸாப்ஃப் அதைத் திருத்தி விரித்தார். ஆனால் கோரல்டிராவில் எக்ஸ்6 பதிப்பில்தான் ஓப்பன்டைப் வசதியே வந்தது. நீங்கள் அதற்கு முந்தியது வைத்திருந்தால் எந்த ஸாப்ஃபினோ போட்டாலும் தனித்தனியாகத்தான் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் என்றால் கிளிஃப் பேனலை (எழுத்து வடிவங்களின் பட்டியல்) திறந்து வேண்டிய வடிவத்தை நேராக எடுத்து வைக்கலாம்.

ஒன்று முக்கியம்: வாடிக்கையாளரின் மேக்கிலிருந்து கோப்பை பென்டிரைவில் வாங்கி உங்கள் கணினியில் போடாதீர்கள். அது அந்த இயங்குதளத்தோடு சேர்ந்த உரிமம். வணிகத்துக்கு எக்ஸ்ட்ராவை வாங்குவதுதான் முறை.

பொரிகடலை:
வாங்கறதா? கார்டுக்கு அவங்க குடுக்குற டிசைன் காசு என்னன்னு தெரியாம பேசாதீங்க சார். கோவையில இருக்குற பாதிக் கடையில உள்ள ஃபான்ட் எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

நிரல்நெசவு:
தெரியும் ஐயா. அதனால்தான் இலவசமாக, திறந்த உரிமத்தில் கிடைப்பவற்றையும் சொல்ல நினைத்தேன். கூகிள் ஃபான்ட்ஸில் டோஷி ஒமகாரி செய்த டேன்ஜரின் இருக்கிறது. பழைய இத்தாலியக் கையெழுத்தை ஒட்டியது, ஸாப்ஃபினோவின் தூரத்து உறவு. கிரேட் வைப்ஸ், பின்யன் ஸ்கிரிப்ட் இரண்டும் வேறு குடும்பம், ஆனால் அழைப்பிதழுக்கு நன்றாகப் பொருந்தும். மூன்றையும் வணிக வேலைக்குத் தாராளமாகப் போடலாம்.

மைக்கூடு:
வேறு குடும்பம் என்றால்? எனக்கு எல்லாமே வளைந்து நெளிந்த எழுத்துதான். எட்வர்டியன் ஸ்கிரிப்டும் இதுவும் ஒன்றா வேறா?

கூர்முனை:
பேனாவைப் பாருங்கள், குடும்பம் தெரிந்துவிடும். ஒன்று பட்டை நிப். முனை உளி போல வெட்டுப்பட்டது. பிடிக்கிற கோணம் மாறாது, கோடு போகிற திசைக்குத் தக்கபடி தடிப்பும் மெலிவும் தானாக வரும். 1522-ல் ரோமில் லுடோவிகோ தெலி அரிகி அச்சிட்ட கையேடு கற்பித்த சான்சரி என்ற இத்தாலியக் கையெழுத்து இந்த வகை. ஸாப்ஃப் சான்சரி, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் இருக்கும் மோனோடைப் கர்சிவா எல்லாம் இதன் வாரிசுகள். ஸாப்ஃபினோவும் இந்த வம்சம்தான், ஆனால் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டது.

மற்றது கூர்நிப். முனை நெகிழும். அழுத்தினால் விரிந்து தடிப்புக் கோடு, விட்டால் மயிரிழை. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததால் காப்பர்பிளேட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எட்வர்ட் பெங்கியாட் செய்த எட்வர்டியன் ஸ்கிரிப்ட், மேத்யூ கார்ட்டர் 1966-ல் செய்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், ரிச்சர்ட் லிப்டனின் பிக்கம் ஸ்கிரிப்ட் மூன்றும் இந்தப் பக்கம். இவற்றில் எழுத்துகள் கைகோத்து ஒரே சீராகப் போகும், ஒரு முழு வரியைக்கூட அதில் வைக்கலாம். ஸாப்ஃபினோவில் பல எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமலே நிற்கும். சின்ன உடல், நெடுநெடு கால், தலை. வரி நீள நீளக் குலைந்துபோகும். உங்கள் வாடிக்கையாளர் கேட்கிற மாதிரி நாலு வரி தொடர்ந்து வேண்டுமென்றால் பிக்கமோ பின்யனோ தாங்கும், இது தாங்காது.

கேப்பிடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு குடும்பத்திலுமே பெரிய எழுத்து வரியைத் தொடங்கிவைக்க வந்தது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டால் பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து மைக் பிடித்த கதைதான். பெற்றோர் பெயரைப் படிக்கவே முடியாமல் போனால் சம்பந்தி வீட்டில் யார் பதில் சொல்வது?

பிளேட்மேக்கர் (சிவகாசி):
தம்பிமார், தாய்மார் எல்லாருக்கும் வணக்கம். நான் பிரஸ் பக்கம் நிக்கிற ஆளு. கம்ப்யூட்டர்ல அழகா இருக்குறது பேப்பர்ல வரும்போது என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லுறேன்.

மெரூன் மேல தங்க பாயில்னா பெரிய பிரச்சினை ரெஜிஸ்டர் (கலர் ஒண்ணோட ஒண்ணு பொருந்துறது) இல்ல, கோட்டுத் தடிமன்தான். பாயில் அடிக்க பிளாக் (உலோக அச்சு) எடுக்கையில கால் பாயிண்டுக்குக் கீழ உள்ள இழை நிக்காது. நின்னாலும் பாயில் அடிக்கும்போது அங்கங்க விட்டுப்போகும். போர்டு சொரசொரப்பா இருந்தா இன்னும் மோசம். இந்த மாதிரி எழுத்துல ரெண்டு இழை குறுக்க வெட்டுற இடத்துல சின்ன ஓட்டை இருக்கும்லா, அதுல பாயில் அடைச்சுக்கிட்டு கரும்புள்ளி மாதிரி தெரியும். எழுத்தைச் சின்னதாக்குனா இழையும் சேந்து மெலியும்ங்குறதை மறந்துடாதீங்கம்மா. ஸ்கிரீன்ல நானூறு பர்சென்ட் பெருசாக்கிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு அனுப்பிடுறாங்க. நூறுலயே வச்சு ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்க.

பாயில் வேணாம், மெரூன்ல வெள்ளையா விட்டுடலாம்னு ஆஃப்செட்டுக்குப் போனா வேற தலைவலி. மெரூன் ரெண்டு மூணு கலர் சேந்து வர்றது. ஒரு கலர் இம்மி நகந்தாலும் வெள்ளை இழை மூடிக்கும்.

எப்படியானாலும் கர்வ்ஸ் பண்ணித்தான், அதாவது எழுத்தை வெறும் கோட்டுப் படமா மாத்தித்தான் அனுப்பணும். எங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இருக்காது, ஏரியல்ல அடிச்சு வந்துச்சுன்னு அப்புறம் சண்டைக்கு வரக் கூடாது.

மைக்கூடு:
மிக்க நன்றி ஐயா. இழை மெலிவாக இருந்தால் கர்வ்ஸ் செய்த பிறகு மெல்லிய அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்கலாமா?

பிளேட்மேக்கர்:
செய்யலாம், நிறையப் பேரு செய்யுறாங்க. ஆனா தடிச்ச இடமும் சேந்து தடிக்கும். ஒல்லி குண்டு வித்தியாசம் போயிரும், ஓட்டை இன்னும் அடைக்கும்.

கூர்முனை:
அதற்குத்தான் எக்ஸ்ட்ராவோடு ஃபோர்ட்டே என்ற தடித்த வடிவம் வந்தது. அவுட்லைன் போட்டு ஊதிப் பெருக்கியது அல்ல, தடிப்பான நிப்பில் எழுதியது போலவே திருத்தி வரைந்தது. பாயிலுக்கும் துணிக்கும் அதுதான் சரி.

யாழ்வரை (டொரொன்டோ):
நான் இணைய அழைப்பிதழ்தான் செய்யிறனான். ஒரு எச்சரிக்கை. உந்தத் தமையன் அச்சுக் கார்டோட நிக்கமாட்டார், வாட்ஸப்பில் அனுப்ப இணையப் பக்கமும் கேப்பார் :)

இணையப் பக்கத்தின் ஸ்டைல் ஷீட்டில் ஸாப்ஃபினோ எண்டு பெயரை மட்டும் எழுதிவிட்டால் ஐபோனிலும் மேக்கிலும் வடிவாய் வரும். ஆண்ட்ராய்டில் அந்த எழுத்துரு இல்லை. பின்னால் மாற்று எழுத்தாய் 'கர்சிவ்' எண்டு போட்டிருந்தால் ஆண்ட்ராய்டில் டான்சிங் ஸ்கிரிப்ட் வரும், விண்டோஸில் பெரும்பாலும் சித்திரக்கதை எழுத்து மாதிரியான காமிக் சான்ஸ்! கலியாண அழைப்பிதழ் காமிக் சான்ஸில். யோசிச்சுப் பாருங்கோ. பிறகு மேக்கில் வரி உயரம். அந்த நெடிய தலைக்கும் வாலுக்கும் இடம் விட வேண்டியிருக்கிறபடியால் எழுத்துருவே தனக்கு எக்கச்சக்கமான உயரம் கேட்கும், பக்கமெல்லாம் வெறும் இடைவெளியாய்க் கிடக்கும். அதைக் குறைக்கப்போனால் உச்சி வெட்டுப்படும். எழுத்து இடைவெளியையும் கூட்டாதேங்கோ. கூட்டின உடனே உலாவி கூட்டெழுத்துகளை நிப்பாட்டிப்போடும். பெயர் இரண்டையும் எஸ்விஜி படமாய் வையுங்கோ, மிச்சம் சாதாரண எழுத்து. படத்துக்கு மாற்று உரை எழுத மறக்க வேண்டாம், கண் தெரியாத ஆக்களும் அழைக்கப்பட்டவைதானே.

பொரிகடலை:
சரி, பேர் மட்டும் ஸாப்ஃபினோன்னா நான் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கறேன். மிச்சத்துக்கு அதே ஸாப்ஃப் பண்ண இன்னொரு ஃபான்ட், பலாட்டினோவையே போடுங்க. அதுவும் அதே பட்டை நிப்புல பொறந்தது, ரெண்டும் பக்கத்துல ஒக்காந்தா சண்டை போடாது. ஸாப்ஃபினோவைவிட அவரோட பெரிய சாதனை ஆப்டிமாங்குற ஃபான்ட்தான்னு நான் எப்பவும் சொல்வேன். ஃபிளாரன்ஸ்ல சான்டா க்ரோசே தேவாலயத்துக் கல்லறை எழுத்தைப் பாத்துட்டு, கையில பேப்பர் இல்லாம ஆயிரம் லீரா நோட்டுல கிறுக்குனது. வாஷிங்டன்ல வியட்நாம் போர் நினைவுச் சுவர்ல ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேல பேர் பொறிச்சிருக்காங்களே, எல்லாம் ஆப்டிமா. அத்தனை பேரையும் ஒரு அலட்டல் இல்லாம தாங்குது. (கல்யாண வீட்ல இந்த உதாரணத்தைச் சொல்லிடாதீங்க மேடம்.)

கூர்முனை:
ஆப்டிமா விஷயத்தில் நாம் ஒரே கட்சி. ஆனால் அலட்டல் என்று ஸாப்ஃபினோவைத் தள்ள மாட்டேன். கல்யாணப் பெயர் கொஞ்சம் அலட்டட்டுமே. பட்டுப்புடவையை யாரும் தினமும் கட்டச் சொல்லவில்லை.

மைக்கூடு:
தமிழ்ப் பக்கத்துக்கு என்ன செய்வது என்பதையும் கேட்டுவிடுகிறேன். ஆங்கிலப் பெயர் இப்படி வீசிக்கொண்டு போகும்போது எதிர்ப்பக்கத்தில் திருவளர்ச்செல்வனும் திருநிறைச்செல்வியும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சாய்த்துப் பார்த்தேன், விழப்போகிற மாதிரி இருக்கிறது.

நிரல்நெசவு:
மென்பொருளில் சாய்ப்பது வேண்டவே வேண்டாம். ற, ஞ, ண போன்றவற்றின் வட்டங்கள் முட்டையாகிவிடும். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை ஒரே தடிமன் கோடு. தடிப்பு-மெலிவு வித்தியாசம் உள்ள ஒன்றைத் தேடி எடுத்து, நேராகவே வையுங்கள்.

கூர்முனை:
அல்லது இரண்டு பெயரை மட்டும் கையால் எழுதி வாங்குங்கள். பத்திரிகைக் கதைத் தலைப்பு எழுதிய கைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. பட்டை நிப்பில் தமிழ் மிக நன்றாக வரும். ழ-வின் வாலுக்கும் ணகரத்தின் சுழிக்கும் ஸாப்ஃபினோவிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. எழுதியதை ஸ்கேன் செய்து டிரேஸ் பண்ணினால் போதும்.

மைக்கூடு:
வாடிக்கையாளரிடம் பேசிவிட்டேன். அவர் கேட்டபடி முழுப் பக்கமும் ஸாப்ஃபினோவில் ஒன்று, பெயர் மட்டும் ஸாப்ஃபினோ, மற்றது பலாட்டினோவில் ஒன்று, இரண்டையும் உண்மை அளவில் பிரிண்ட் எடுத்து அவருடைய அம்மா கையில் கொடுத்தேன். அம்மா முதல் தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "மண்டபம் எங்கன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். அண்ணன் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்ட்ரா உரிமத்துக்கும் அவரே பணம் தருகிறார். தமிழ்ப் பெயர்களை எழுத ஒருவரைப் பிடித்திருக்கிறேன்.

இப்போது புதிதாக ஒன்று: அதே பெயர் வடிவம் தாம்பூலப் பையிலும் வேண்டுமாம். மஞ்சள் துணிப்பை, சிவப்பில் ஸ்கிரீன் பிரிண்டிங். ஃபோர்ட்டே தாங்குமா ஐயா?

பிளேட்மேக்கர்:
துணி மையை உறிஞ்சிப் பரத்தும்மா. பேரு உள்ளங்கை அளவுக்கு மேல பெருசா இருந்தா ஃபோர்ட்டே நிக்கும். அதுக்குச் சின்னதுன்னா வாலையெல்லாம் வெட்டி அடக்கமான எழுத்தா மாத்திக்குடுங்க. முதல்ல ஒரே ஒரு பையில அடிச்சுக் காயவச்சுப் பாத்துட்டு மிச்சத்தைப் போடச் சொல்லுங்க.